முகப்புக்குப் போன சன்னல்

வீடு கட்டுறவுகளைப் பத்தி எனக்கு நல்ல அபிப்பிராயம் கெடையாது. அதுலயும் வீடு முடியப் போற நேரத்துல இந்த ஆம்பளைகளுக்குப் புத்தி எங்கன போகுதுன்னே தெரியல. அஸ்திவாரம் தோண்டும்போது மனுசனாத்தான் இருப்பாக. சுவரு எழும்பும்போதும் பரவாயில்ல. மச்சு போட்டு, பூச்சு ஆரம்பிச்சு, தெருவுல போற எவனாவது நின்னு ஒரு பார்வை பாத்துட்டான்னு வையிங்க, அதோட போச்சு. அன்னைல இருந்து அந்த வீடு குடியிருக்கப் போறவளுக்கு இல்ல, தெருவுல போறவனுக்கு.

எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் ஆனாக.

எங்க ஊரு சின்னமனூருக்கும் குச்சனூருக்கும் நடுவுல. பெரியாத்துத் தண்ணி பாயுற வயக்காடு, ரெண்டு போகம் நெல்லு. போடிக்கு ரயில் வந்து அப்பச் சில வருசம் ஆகியிருந்துச்சு. ரயில் வந்ததுல எங்களுக்கு என்ன வந்துச்சுன்னு கேட்டா, மதுரைக்குப் போயி நாலு பெரிய வீட்டை அண்ணாந்து பாத்துட்டு வந்து, "நம்ம ஊருலயும் இப்படி ஒண்ணு போடணும்ப்பா"ன்னு பேசித் திரியுற ஆளுக பெருகினதுதான் மிச்சம். அதுல மொத ஆளு எங்க பங்காளி. எங்க வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகன். எங்க கொல்லைச் சுவத்துக்கு அந்தப் பக்கம் அவரு வீடு. அவரு மச்சு வீடு கட்டி, முகப்புல வாசலுக்கு அந்தப் பக்கம் ரெண்டு சன்னல், இந்தப் பக்கம் ரெண்டு சன்னல்னு நாலு சன்னல் வச்சு, நாலுக்கும் பச்சைச் சாயம் அடிச்சுட்டாரு. அந்தப் பச்சை எங்க வீட்டுக்காரரு கண்ணுல ஏறி உக்காந்துக்கிருச்சு. பிறகு என்ன, நாங்களும் வீடு கட்ட ஆரம்பிச்சோம்.

எனக்கு மச்சும் வேணாம், பச்சையும் வேணாம். எனக்கு வேண்டியிருந்தது ஒண்ணே ஒண்ணுதான், அடுப்படியில ஒரு சன்னல்.

எங்க பழைய வீட்டு அடுப்படியைப் பாத்திருந்தாத்தான் இது புரியும். நாலு பக்கமும் மண்சுவரு. குனிஞ்சு போற வாசல் ஒண்ணு. அம்புட்டுத்தான். புகை போகணும்னா நம்ம மூக்கு வழியாத்தான் போகணும். எங்க மாமியாரு எனக்கு அயித்தை முறை, எங்க அப்பாவோட கூடப் பிறந்த அக்கா. அவுக அந்தக் குழிக்குள்ளதான் காலம் பூராவும் சோறு ஆக்கினாக. நான் வாக்கப்பட்டு வரும்போது அவுக ஒரு கண்ணு வெளுத்துப் போயிருந்துச்சு. எனக்கு மூணாவது பிள்ளை பிறக்கும்போது அடுத்த கண்ணும் போச்சு. ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னாக. குச்சனூரு சனீசுவரனுக்கு வேண்டிக்கிட்டதைச் செய்யலைன்னு ஒருத்தர், அம்மை போட்டப்ப விரதம் கெட்டுப்போச்சுன்னு ஒருத்தர். அட கூறுகெட்டவுகளா, அந்த அடுப்படிக்குள்ள தலையை நீட்டி ஒரு தடவை மூச்சு இழுத்துப் பாத்துருந்தா சனீசுவரன் மேல பழி போட்டிருக்க மாட்டீக.

அயித்தைக்கு அப்புறம் அந்த அடுப்பு முன்னாடி உக்காந்தது நான். கொஞ்ச வருசத்துலயே எனக்கும் ஆரம்பிச்சிருச்சு. காலையில இமை ஒட்டிக்கிரும், தண்ணி தொட்டு வச்சாத்தான் பிரியும். விளக்கப் பாத்தா அதைச் சுத்தி ஒரு வளையம் தெரியும். அயித்தை சுவத்தைத் தடவித் தடவி நடந்து வர்றதைப் பாக்கும்போதெல்லாம் ஒரு தடவை கண்ணை மூடி நாலு எட்டு நடந்து பாப்பேன். நாளைக்கு நானும் இப்படித்தான்னு தெரியும். எனக்கு அப்ப முப்பது வயசு கூட ஆகல. அதனால வீடு கட்டுற பேச்சு வந்த அன்னைக்கே எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டேன். "அடுப்படிக்குக் கிழக்க பாத்து ஒரு சன்னல். மேல ஒரு புகைக்கூண்டு. இது ரெண்டும் உண்டுன்னு சொல்லுங்க, மண்ணு சுமக்கச் சொன்னாலும் சுமக்கிறேன்." அவுகளும் மீசையைத் தடவிக்கிட்டு, "இம்புட்டுத்தானா? உனக்கு இல்லாத சன்னலா?"ன்னாக. நானும் நம்பிட்டேன். மண்ணும் சுமந்தேன்.

கொத்தனார் ஒருத்தரைப் பிடிச்சுக்கிட்டு வந்தாக. அந்த ஆளு வாயாலேயே கோபுரம் கட்டுவாரு. எங்க வீட்டுக்காரரு எதைச் சொன்னாலும், "மொதலாளி மனசுல உதிச்சா அது சரியாத்தான் இருக்கும்"பாரு. இப்படி ஒரு ஆளு பக்கத்துல இருந்தா எந்த மனுசனுக்குத்தான் தலை நிக்கும்? வந்தவுக உக்காருற பட்டாசாலைச் சுவரு கண்ணாடி மாதிரி மின்னணும்னு முடிவாச்சு. சுண்ணாம்பை நீத்து, செக்குல போட்டு ஆட்டி, கடுக்காயும் கருப்பட்டியும் ஊற வச்ச தண்ணியை ஊத்தி, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருவை அடிச்சுக் கலந்தாக. ஊருல இருக்குற கோழியெல்லாம் எங்க பட்டாசாலைக்காகத்தான் முட்டை போட்டுச்சு. வெள்ளை சுவத்துக்கு, மஞ்சள் எங்களுக்கு. மஞ்சக்கருவுல குழம்பு, மஞ்சக்கருவுல பொரியல், மஞ்சக்கருவை வெறுமனே வதக்கி ஒரு நாளு. எம் பிள்ளைக சட்டியைப் பாத்தாலே ஓட ஆரம்பிச்சிருச்சுக. அந்தப் பக்கம் நாலு ஆளு முல்லையாத்துல பொறுக்கின கூழாங்கல்லை வச்சுக்கிட்டு, விடிஞ்சதுல இருந்து பொழுது சாயுற மட்டும் சுவத்தைத் தேய்ச்சுக்கிட்டே இருந்தாக. எங்க வீட்டுக்காரரு அடிக்கொரு தரம் சுவத்துக்கிட்டப் போயி நின்னு மீசையைச் சரி பண்ணிக்கிருவாக. முகம் தெரியுதாம். நல்லாத் தெரியட்டும்னு இருந்தேன்.

மரவேலைக்கு மலையாளத்துல இருந்து ஒரு ஆசாரி எறங்கி வந்திருந்தாரு. குமுளிக்கு மேல ஏதோ ஒரு ஊரு. எல்லாக் கதவையும் எங்க வீட்டுக்காரரு சொல்லித்தான் செஞ்சாரு, ஆனா அடுப்படிச் சன்னலை மட்டும் நான் சொல்லிச் செய்ய வச்சேன். அடுப்பு முன்னாடி உக்காந்து பாத்து, என் தோளு மட்டத்துக்கு அடிச்சட்டம் வரணும்னேன். கதவு ஒரே பலகையா இருக்கக் கூடாது, குறுக்க வெட்டி மேல ஒண்ணு கீழ ஒண்ணா இருக்கணும்னேன். மேக்கதவைத் தொறந்தா புகை வெளிய போகும், கீழ்க்கதவை மூடி வச்சா காத்து வந்து தீயைக் கலைக்காது. ஆசாரி தலையைச் சாய்ச்சு யோசிச்சுட்டு, "கொள்ளாம் சேச்சி"ன்னாரு, நல்லாருக்கு அக்கான்னு அவுக பாசையில. நல்ல தேக்குல செஞ்சு கொண்டாந்து அடுப்படிச் சுவத்துல விட்டிருந்த ஓட்டைக்கு நேரா சாத்தி வச்சாரு. வச்சுட்டு, ஓணத்துக்கு ஊருக்குப் போயிட்டு வர்றேன்னு மலையேறிப் போனாரு. போனவரு போனவருதான். மழை பிடிச்சுக்கிருச்சு, இனித் தை பிறந்துதான் வருவேன்னு வண்டிக்காரன்கிட்டச் சொல்லி அனுப்பிட்டாரு.

அப்ப நடவு சமயம். ஆளுகளைக் கூட்டிக்கிட்டு நான் வயக்காட்டுக்குப் போயிட்டேன். பொழுது சாய, காலுச் சேறு கூடக் கழுவாம புதுவீட்டுக்கு வந்து அடுப்படிக்குள்ள போறேன், உள்ள இருட்டாக் கெடக்கு. சன்னலுக்கு விட்டிருந்த ஓட்டை செங்கலும் செம்மண்ணும் வச்சு அடைச்சாச்சு. சாத்தி வச்சிருந்த சன்னலைக் காணோம்.

வெளிய வந்தேன். எங்க வீட்டுக்காரரு தெருவுல நடுவா நின்னு, இடுப்புல கை வச்சு முகப்பைப் பாத்துக்கிட்டு இருக்காக. பக்கத்துல கொத்தனாரு.

"என் சன்னல் எங்க?"

"அந்தா."

பாத்தேன். முகப்புல வாசலுக்கு வலப்பக்கம் ரெண்டு சன்னல் முன்னாடியே உண்டு. இடப்பக்கம் ஒண்ணுதான், ஏன்னா அதுக்கு அடுத்தாப்புல நெல்லு கொட்டி வைக்கிற அறை, அதுக்குச் சன்னல் தேவையில்ல. அந்த நெல்லறைச் சுவத்தை உடைச்சு என் சன்னலை வச்சிருக்காக.

"நெல்லுக்கு மூச்சு முட்டுதோ?"ன்னேன்.

"ஏ, அவன் வீட்டுல நாலு சன்னலு. நம்ம வீட்டுல மூணு. ஊருக்குள்ள என்ன சொல்லுவான்?"

"மூணுன்னு சொல்லுவான். எண்ணத் தெரிஞ்சவன் வேற என்ன சொல்லுவான்?"

கொத்தனாருக்குச் சிரிப்பு வந்திருச்சு, மொதலாளி மூஞ்சியைப் பாத்து இருமலா மாத்திக்கிட்டாரு. எங்க வீட்டுக்காரரு அதுக்கப்புறம் சொன்ன காரணங்களைக் கேக்கணுமே! அடுப்படிக்குச் சன்னல் வச்சா பங்காளி பொஞ்சாதி கொல்லைச் சுவத்துக்கு மேல எட்டி, இன்னைக்கு இவுக வீட்டுல என்ன குழம்புன்னு பாத்துருவாளாம். பாத்தா பாக்கட்டுமே! அவ வீட்டுக் குழம்பு வாசம் தெனமும் இங்க வந்துக்கிட்டுத்தான இருக்கு, நாங்க என்ன செத்தா போயிட்டோம்?

எல்லாத்தையும் சொல்லி முடிச்சு, நானும் ஏசி முடிச்ச பிறகு, கடைசியா ஒண்ணை எடுத்து விட்டாக பாருங்க, அதுதான் எனக்கு வயிறு எரிஞ்சது.

எங்க பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. புதுவீட்டை நூத்துக்கு நூறு முடிச்சுரக் கூடாது. முடிச்சா கண்ணு பட்டுரும், வீட்டுக்காரனுக்கு ஆகாது. எங்கயாவது ஒரு எடத்தைக் குறையா விட்டு வைக்கணும். நல்ல புத்தி உள்ளவுக கொல்லைச் சுவத்துல ஒரு முழம் பூசாம விடுவாக. இல்ல, மச்சுப் படியில கடைசிப் படியை மட்டும் மொட்டையா விடுவாக. அது ஒரு பேருக்கு. எங்க வீட்டுக்காரரு எதை விட்டாக தெரியுமா? மொத்த அடுப்படியையும்.

"அடுப்படிதான் நம்ம வீட்டுக்குக் குறை"ன்னாக. ஏதோ எனக்கு வைர மூக்குத்தி குடுக்குற மாதிரிச் சொன்னாக. "அதைப் பூசப் போறதில்ல. தளம் போடப் போறதில்ல. புகைக்கூண்டும் வேணாம். அங்கன யாரு வந்து பாக்கப் போறா?"

"நான் இருப்பேன்ல?"

"நீ பாத்தா கண்ணு பட்டுருமாக்கும்?"

கொத்தனாரு, "மொதலாளி எம்புட்டு முன்யோசனையாச் செஞ்சிருக்காக பாத்தீகளா ஆத்தா"ன்னு எங்கிட்டயே சொல்றாரு! சாந்துக் கரண்டியைப் பிடுங்கி அந்த ஆளு வாயைப் பூசணும்போல இருந்துச்சு.

அழுதேன். ஒளிக்க என்ன இருக்கு? அந்த இருட்டு அடுப்படிக்குள்ள நின்னு அழுதேன். தேக்கு, சுண்ணாம்பு, கருப்பட்டி, முட்டைன்னு ஊரையே வழிச்சுக் கட்டின வீட்டுல எனக்குக் கெடைச்சது பழைய குழியேதான், கொஞ்சம் உசரமா. பழைய வீட்டுக்குப் போயி அயித்தைகிட்ட முறையிட்டேன். "உங்க மகன் செஞ்சிருக்குற வேலையைப் பாத்தீகளா அயித்தை? நீங்க ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" அவுக வெத்தலையை மென்னுக்கிட்டே, "ஆம்பளைக கட்டுறது"ன்னாக. அம்புட்டுத்தான். எழுந்திருச்சு சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டாக. அந்தக் கிழவி மேல எனக்கு வந்த ஆத்திரம் எங்க வீட்டுக்காரரு மேலகூட வரல. கண்ணு ரெண்டையும் அந்தப் புகைக்குக் குடுத்துட்டு, இன்னும் மகனுக்குத்தான் பரிஞ்சுக்கிட்டு இருக்கு, இதெல்லாம் ஒரு பொம்பளையான்னு மனசுக்குள்ள வஞ்சேன்.

ஐப்பசியில நல்ல நாளு பாத்துப் பால் காச்ச ஏற்பாடாச்சு. விடிய முன்னால சனம் கூடிருச்சு. போடியில இருந்து, கம்பத்துல இருந்து, கடமலைக்குண்டுப் பக்கம் இருந்தெல்லாம் சொந்தக்காரவுக வந்தாக. வந்தவுக எல்லாம் தெருவுல நின்னு சன்னலை எண்ணினாக. நாலாவது சன்னலுக்கு மட்டும் கதவு ஏன் குறுக்க வெட்டியிருக்குன்னு ஒருத்தர் கேட்டாரு. "மதுரையில இப்ப இப்படித்தான் வைக்கிறாக"ன்னு எங்க வீட்டுக்காரரு கூசாமச் சொன்னாக. கேட்டவரும் ஆமா ஆமான்னு தலையாட்டினாரு, ஏதோ தெனமும் மதுரைக்குப் போயி வர்ற மாதிரி. பங்காளி மட்டும் சன்னலை எண்ணல. பட்டாசாலைக்குள்ள வந்து அந்த முட்டைச் சுவத்தை ஒரு விரலால தொட்டுப் பாத்தாரு. அவரு வீட்டுச் சுவரு வெறும் சுண்ணாம்பு. மூஞ்சி சுருங்கிப் போச்சு.

மொதல்ல பசுவும் கன்னும் உள்ள வந்துச்சு. வந்த பசு, சுவத்து மாதிரியே கூழாங்கல்லு போட்டுத் தேய்ச்ச தரையில ரெண்டு தடவை சறுக்கி, நடுப் பட்டாசாலையில சாணியைப் போட்டுச்சு. "லச்சுமி வந்துட்டா"ன்னு எல்லாரும் கன்னத்துல போட்டுக்கிட்டாக. எங்க வீட்டுக்காரரு மட்டும் லச்சுமி கொஞ்சம் தள்ளி வந்திருக்கலாமேன்னு நினைக்கிற மூஞ்சியோட நின்னாக.

பால் சட்டியைத் தூக்கிக்கிட்டு நான் அடுப்படிக்குத் திரும்பினேன். புது மண்ணடுப்பை அங்கன வச்சிருந்தாக. தூணோரமா உக்கார வச்சிருந்த அயித்தை அப்பக் கேட்டாக.

"ஏலே, பாலை எங்கன பொங்க வைக்கப் போறீக?"

"அடுப்படியிலதான் ஆத்தா"ன்னாக எங்க வீட்டுக்காரரு.

"அது வேலை முடிஞ்சிருச்சா?"

"இல்ல ஆத்தா. அதைத்தான் வீட்டுக்குக் குறையா விட்டிருக்கோம்."

"குறைன்னு உன் வாயாலயே சொல்லி விட்ட எடத்துலயாலே பாலைப் பொங்க வைப்ப? குடும்பம் குறையாவே கெடக்கட்டும்னு வேண்டிக்கிறதுக்கா?"

இப்படி ஒரு கேள்வி வரும்னு யாரும் நினைக்கல. ஆனா கேட்ட பிறகு எல்லாருக்கும் அது பெரிய தப்பாத் தெரிஞ்சிருச்சு. "அதான, அதான"ன்னு நாலு வாயி சொல்லுச்சு. எங்க வீட்டுக்காரருக்கு வேர்த்திருச்சு. நல்ல நேரம் போய்க்கிட்டு இருக்கு.

"அப்ப எங்கன வைக்கட்டும் ஆத்தா?"

"முழுசா முடிஞ்ச எடத்துல. நீ எதை நல்லா முடிச்சிருக்க?"

அவுக என்ன சொல்ல முடியும்? எதைப் பீத்திக்கிட்டுத் திரிஞ்சாகளோ அதைத்தான் சொல்லணும். பட்டாசாலைக்கு அடுப்பு வந்துச்சு. முட்டைச் சுவத்துக்கு முன்னாடி வச்சு நான் தீயை மூட்டினேன். பால் பொங்குச்சு. பொம்பளைக குலவை போட்டாக. எல்லாருக்கும் ஒரு மடக்குப் பால் குடுத்து முடிச்ச கையோட எங்க வீட்டுக்காரரு, "சரி, அடுப்பை உள்ள தூக்குங்கப்பா"ன்னாக.

"தொடாதலே!"

அயித்தை போட்ட சத்தத்துல கன்னுக்குட்டியே மிரண்டுச்சு.

"பால் பொங்கின அடுப்பை அதைவிட எறக்கமான எடத்துக்குக் கொண்டு போகக் கூடாது. போனா லச்சுமி எறங்கிப் போயிருவா. நம்ம வழக்கம் அது. அடுப்படி முழுசா முடியட்டும். பூசி, தளம் போட்டு, புகை மேல போக வழியும் வெளிச்சம் உள்ள வர வழியும் வச்சு முடிக்கட்டும். அதுவரைக்கும் அடுப்பு பொங்கின எடத்துலதான் எரியணும்."

எங்க வீட்டுக்காரரு சுத்திமுத்திப் பாத்தாக. யாராவது ஒரு ஆளு, இப்படி ஒரு வழக்கத்தை நான் கேள்விப்பட்டதில்லையேன்னு சொல்ல மாட்டானான்னு பாத்தாக. யாரு சொல்லுவா? வழக்கம் தெரியாதவன்னு பேரு வாங்க எவனுக்கு மனசு வரும்? கம்பத்துல இருந்து வந்த பெரியவரு ஒருத்தரு, "எங்க வீட்டுல இதுக்காக ஒரு வருசம் வாசல்லயே ஆக்கினோம்"னு அடிச்சு விட்டாரு. எல்லாரையும் விட உறுதியாப் பேசினது எங்க பங்காளிதான். முட்டைச் சுவத்தை ஒரு தடவை நல்லாப் பாத்துட்டு, "சின்னாத்தா சொல்றது அட்சரசுத்தம். இதை மீறினா பங்காளி வகைக்கே ஆகாது. நான் சம்மதிக்க மாட்டேன்"ன்னாரு. அந்த மனுசன் மூஞ்சியில அன்னைக்கு இருந்த சந்தோசத்தை அவரு மக கல்யாணத்துல கூட நான் பாக்கல.

பழைய வீட்டை மாட்டுக்கு விட்டாச்சு. அதனால அன்னைல இருந்து காலையும் மாலையும் பட்டாசாலையிலதான் சமையலு. மொத நாளு எனக்கும் சங்கடமாத்தான் இருந்துச்சு. நாலு பேரு வந்து போற எடத்துல மாராப்பை இழுத்து விட்டுக்கிட்டுக் குழம்பு கூட்டணுமேன்னு அயித்தையைத்தான் மறுபடியும் வஞ்சேன். ரெண்டாம் நாளு தலையை நிமுத்திச் சுவத்தைப் பாத்தேன். ஒரு பக்கம் இளமஞ்சளா ஆகியிருந்துச்சு. எனக்கு அப்பத்தான் மூளையில உறைச்சது. கொல்லைக்குப் போயி, விறகுக்கு வச்சிருந்த பருத்திக் குச்சியில, அதான் பருத்திமாரு, ஈரமானதா ஒரு கட்டு எடுத்துக்கிட்டு வந்தேன்.

பருத்திமாரு புகையைப் பத்தித் தெரிஞ்சவுகளுக்குச் சொல்ல வேணாம். மச்சு வரைக்கும் போயி முட்டிக்கிட்டு, திரும்பிக் கீழ எறங்கி, மெதுவா முகப்பு வழியா தெருவுக்குப் போகும். நாலு சன்னலும் புகை விட்டுச்சு. போடியில இருந்து ஒரு வியாபாரி, சுவரு கண்ணாடி மாதிரி இருக்காமேன்னு பாக்க வந்தாரு. உள்ள வந்த வேகத்துல வேட்டித் தலைப்பால மூக்கைப் பொத்திக்கிட்டு, "நல்லாருக்கு, நல்லாருக்கு"ன்னு சொல்லிக்கிட்டே வெளிய ஓடினாரு. எங்க வீட்டுக்காரரு ஈரத்துணியை எடுத்துச் சுவத்தைத் தொடைச்சாக. தொடைச்ச எடம் வெள்ளையாவும் தொடைக்காத எடம் காப்பி நெறமாவும் தேமலு பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. அதுக்கப்புறம் அந்தச் சுவத்துல மீசை தெரியல.

மீசையை விடுங்க, கண்ணே தெரியல அவுகளுக்கு. அடுப்படிப் பக்கம் தலை வச்சுப் படுக்காத மனுசன், அடுப்புக்கு எதுத்தாப்புல உக்காந்து சாப்பிட வேண்டியதாப் போச்சு. செவக்கச் செவக்கக் கண்ணோட, மூக்கை உறிஞ்சிக்கிட்டு ஒரு நாளு கேட்டாக. "ஏ, இந்தப் புகையிலயா நீ இம்புட்டு நாளா இருந்த?"

"இல்ல, பூந்தோட்டத்துல இருந்தேன்."

அதுக்கு மேல என்ன சொல்லச் சொல்றீக? இத்தனை வருசம் கழிச்சுக் கேக்குற கேள்வியா அது? தன்னைப் பெத்தவ தன் கண்ணு முன்னாடி குருடாப் போனது புகையாலன்னு அவுகளுக்கு அப்பத்தான் தெரிஞ்சுச்சோ என்னமோ. சோத்தைப் பிசைஞ்ச கையோட அயித்தை இருந்த பக்கம் திரும்பிப் பாத்தாக. சாப்பிடாம எந்திரிச்சுப் போயிட்டாக. நான் கூப்பிடல.

மறுநாளு காலையில கொத்தனாரு வந்து நின்னாரு. அடுப்படியைப் பூசுறதுக்கும், தளம் போடுறதுக்கும், புகைக்கூண்டு வைக்கிறதுக்கும் பேச்சு. எல்லாம் சரி, சன்னலு? ஆசாரி மலை மேல இருக்காரு, தை மாசம் வரைக்கும் எறங்க மாட்டாரு. கொத்தனாரு தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "அது கொஞ்சம் பொறுத்துக்கிட்டா..."ன்னு இழுத்தாரு.

"எதுக்குப் பொறுக்கணும்? அந்தா தெருவுல நிக்குதே என் சன்னலு. அதைக் கழட்டி வையிங்க"ன்னேன்.

"முகப்பையா?" எங்க வீட்டுக்காரருக்குக் குரலே உடைஞ்சு போச்சு. "முகப்புல கை வைக்கிறதா? அப்ப மறுபடியும் மூணாப் போயிருமே. அதுவும் அடைச்ச தழும்போட. ஊரு பூராப் பாக்குமே."

"பாக்கத்தான் செய்யணும். கண்ணு படக் கூடாதுன்னுதான குறை விடுறீக? கண்ணு எங்கன படும், முகப்புலயா, அடுப்படியிலயா? எந்தப் பாவி என் அடுப்படியை எட்டிப் பாத்துப் பொறாமைப்படப் போறான்? குறையை ஒளிச்சு வச்சா திருஷ்டிக்கு எப்படித் தெரியும்? தெருவுல வைங்க. எல்லாக் கண்ணும் அதுல விழுந்து போகட்டும்."

எங்க வீட்டுக்காரரு தெருவுக்கு எறங்கி முகப்பை ஒரு தடவை பாத்துட்டு வந்தாக. கொத்தனாரு என்னைப் பாத்தாரு, மொதலாளியைப் பாத்தாரு, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டாரு. "ஆத்தா சொல்றதுதான் சாத்திரம். நானே சொல்லணும்னு இருந்தேன்"ன்னாரு. என்னத்தைச் சொல்ல!

சன்னல் வந்துச்சு. கிழக்க பாத்து, என் தோளு மட்டத்துக்கு, ஆசாரி சாத்தி வச்ச அதே எடத்துல. முகப்புல அது இருந்த எடத்தை அடைச்சுப் பூசினாக. பூச்சு காஞ்சும் நெறம் சேரல, சதுரமா ஒரு தழும்பு இன்னைக்கும் தெரியும். கேக்குறவுககிட்டயெல்லாம் எங்க வீட்டுக்காரரு, "குறையைக் கண்ணு படுற எடத்துலதான் வைக்கணும், அதான் முறை. பல பேருக்குத் தெரியாது"ன்னு பெருமையாச் சொல்லிக்கிட்டாக. அவுகளே கண்டுபிடிச்ச மாதிரி. அந்த வருசமே பங்காளி வீட்டுல ஒரு உழவு மாடு செத்துப்போச்சு. மறுவாரம் பாத்தா அவரு தன் முகப்புல ஒரு பச்சைச் சன்னலைக் கழட்டிட்டு அடைச்சுக்கிட்டு இருக்காரு. அவரு வீட்டுலயும் மூணாச்சு. அதுக்கப்புறம்தான் எங்க வீட்டுக்காரருக்கு ராத்தூக்கமே வந்துச்சு. இப்படிப்பட்ட ஆளுகளோடதான் நான் காலம் தள்ளினேன்.

எங்க அப்பா என்னை அஞ்சாப்பு மட்டும் படிக்க வச்சாக. அந்தப் படிப்பையும் இந்தக் கண்ணையும் வச்சுக்கிட்டுத்தான் இதை எழுதுறேன். விளக்கச் சுத்தித் தெரிஞ்ச வளையம் மெல்லக் கொறைஞ்சு, ஒரு நாளு இல்லாமலே போச்சு. இப்பவும் ஊசிக்கு நானேதான் நூலு கோப்பேன்.

அடுப்பை உள்ள கொண்டு போன அன்னைக்கு அயித்தையைக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்தேன். உள்ள வந்து நின்னாக. கையை நீட்டிச் சன்னலைத் தேடி, அடிச்சட்டத்தைத் தடவினாக. மேக்கதவைத் தொறந்தாக, மூடினாக, மறுபடியும் தொறந்தாக. காத்து வந்து அவுக நரைமுடியைக் கலைச்சுச்சு. மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு, பிள்ளைக மழையில நிக்கிற மாதிரி நின்னாக. எனக்கு அவுகளை வஞ்சதெல்லாம் நினைப்புக்கு வந்துச்சு. அதைக் காட்டிக்காம, "ஏன் அயித்தை, இந்தப் பால் பொங்கின அடுப்பு வழக்கம் எங்க அப்பா வீட்டுல இல்லையே. நீங்களும் அங்கன பிறந்தவுகதான? இங்க வந்து உங்க மாமியாருகிட்டக் கேட்டுக்கிட்டீகளா?"ன்னேன்.

அயித்தை சன்னலை விட்டுக் கையை எடுக்கல.

"போடி இவளே. அப்படி ஒரு வழக்கம் இருந்திருந்தா எனக்குக் கண்ணு இருந்திருக்கும்ல?"ன்னாக.